பேர் சொல்லிக் கூப்பிடாதே

“அநாத! சோறு ஆறுது, வாங்க!”

கூடத்திலிருந்து மருமகள் அர்ச்சனாவின் குரல். அடுப்படியில் நின்றிருந்த வள்ளியம்மாளுக்குக் குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோனது.

எட்டிப் பார்த்தாள். கூப்பிட்டவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கூப்பிடப்பட்ட அரிகரனும் இளித்துக்கொண்டே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வள்ளியம்மாளின் மகனான அவனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. பெண்டாட்டி எதைச் சொன்னாலும் இனிக்கிற காலம்.

இரண்டு பேருக்கும் எதிரில் லேப்டாப். அதில் வழக்கம்போல ஜப்பான் பொம்மைப் படம். அர்ச்சனா வில்லியனூரிலிருந்து சீர்வரிசையோடு கொண்டுவந்த பழக்கம் அது. பாகூரில் கரும்பும் நெல்லும் பார்த்து வளர்ந்த அரிகரன் ஒரே மாதத்தில் அதில் விழுந்துவிட்டான். பாதி முகம் கண்ணாகவே இருக்கும் அந்தப் பிள்ளைகள் அழுதால் இவனும் மூக்கை உறிஞ்சினான். சோற்றில் கை வைக்கும் முன் புருஷனும் பெண்டாட்டியும் கைகூப்பி ஜப்பான் பாஷையில் என்னவோ முணுமுணுத்தார்கள்.

வள்ளியம்மாள் மட்டும் லேசுப்பட்டவளா? படத்தில் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோற்றை உருண்டை பிடிப்பதை ஒருநாள் கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள். அன்றைக்கு மீன் கருகிவிட்டது.

இன்றைக்குப் படம் எங்கே கண்ணில் தெரிகிறது? அநாதை என்கிற அந்த ஒரு சொல் இந்த வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்றுதான் அவள் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தாள். மகன் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான். மருமகள் தெரிந்துதான் சொல்கிறாள் என்று வள்ளியம்மாளுக்குத் தோன்றியது.

யார் சொல்லியிருப்பார்கள்? நாத்தனார் கலியம்மாளாகத்தான் இருக்கும். கணவர் பச்சையப்பன் போன பிறகு விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான்.

மருமகளுக்குக் கோபம் இருக்கவும் காரணம் இருந்தது. வந்த புதிதில் அர்ச்சனா வாய்க்கு வாய் ‘ஹரி, ஹரி’ என்றாள். “கட்டினவன பேர் சொல்லியா கூப்புடுவ? எங்க வூட்ல அந்தப் பழக்கம் இல்ல” என்று வள்ளியம்மாள் நாலு பேர் எதிரில் கண்டித்துவிட்டாள். அதற்குத்தான் பழிவாங்குகிறாளோ?

சாயங்காலம் மருமகள் போனில் பேசுவது கேட்டது. “அநாத, வரும்போது கொத்தமல்லி வாங்கினு வாங்க.”

வள்ளியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்குமோ என்று வேலியைப் பார்த்தாள். அன்றிரவு மருமகள் போட்ட சோற்றைத் தலைநிமிராமல் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, மோட்டார் கொட்டகைக்குப் போவதாகச் சொல்லி அரிகரன் நடந்து போனதும், அர்ச்சனாவைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டாள்.

“உனுக்கு யாரு சொன்னது? கலியம்மாளா?”

“இன்னா அத்த?”

“தெரியாத மாதிரி பேசாதடி. பேர் சொல்லாதன்னு ஒரு வார்த்த சொன்னதுக்கு இப்டியா கொல்லுவ?”

அர்ச்சனா விழித்தாள். வள்ளியம்மாளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று வந்த பெண்ணுக்கு முன்னால் இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவமானமாக இருந்தது. இருந்தாலும் தொடங்கியதை நிறுத்த முடியவில்லை.

“எனுக்கு வயித்துல எதுவும் தங்கல. ஊரே மலடின்னுது. நெய்வேலி பக்கம் வேலைக்குப் போன எடத்துல, எவளோ ஒருத்தி பெத்துப் போட்டுட்டுப் போன புள்ளய நாங்க எடுத்துக்கினு வந்தோம். எனுக்குப் பொறந்தவன்னு எல்லாருகிட்டயும் பொய் சொன்னோம். பெத்தாதான் புள்ளயா? நான் வளத்தண்டி அவன. என் எதுருலியே அநாதன்னு கூப்புடறியே. அவனுக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவன் முன்னாடி நிப்பேன்? உன் கால்ல வேணா வுழறேன்.”

குனிந்தேவிட்டாள். அர்ச்சனா பதறிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ அத்த! நான் எங்க அநாதன்னு கூப்ட்டேன்? அது ‘அனத்தா’. ஜப்பான்ல பொண்டாட்டிங்க புருஷன அப்டிதான் கூப்புடுவாங்க, படத்துல வரும். பேர் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ‘ஏங்க’ன்னா எனக்கு சிரிப்பு வருது. அதான் இப்டி கூப்ட்டேன். அவருக்கும் புடிச்சிருந்துச்சி.”

“அனத்தா” என்று வள்ளியம்மாள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பாவம் கலியம்மாள், வாயையே திறக்கவில்லை. பச்சையப்பன் சாகும்வரை காத்ததை, யாரும் கேட்காமலேயே தன் வாயால் கொட்டியாகிவிட்டது.

“நான் ஒண்ணும் சொல்லல, நீ ஒண்ணும் கேக்கல. என்னிக்கும் அவங்கிட்ட சொல்லிடாதம்மா” என்று மருமகளின் கையை விடாமல் கெஞ்சினாள்.

அர்ச்சனாவின் பார்வை மாமியாரின் தோளைத் தாண்டி நின்றது. வள்ளியம்மாள் திரும்பிப் பார்த்தாள். மறந்துவிட்டுப் போன போனை எடுக்கத் திரும்பி வந்த அரிகரன், பின்வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“அப்போ உன் காதுல வுழுந்ததுதான் சரியாம்மா?”