சாரி கார்டு நடத்திய விசாரணை

அந்த பைக்கில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் மட்டும் கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் காவல் நிற்கும் சாரி கார்டுதான் விசாரணையில் இறங்கியது.

"எனக்குச் செயின்மேலதான் சந்தேகம். ஆளே தொங்கிப்போய்க் கிடக்குறான்."

மெக்கானிக் சிவநேசனுக்கும் அதே சந்தேகம். செயினைக் கழற்றிப் பழைய இரும்போடு வீசிவிட்டு, புதுசு மாட்டி முறுக்கினான். கடகட.

"அப்போ சைலன்சர்தான்" என்றது சாரி கார்டு. "எந்நேரமும் புகைஞ்சுக்கிட்டே இருக்கிறவனை எப்படி நம்புறது?"

சைலன்சர் அவசரமாக மறுத்தது. "நான் இல்லண்ணே. சத்தம் உங்க பக்கமிருந்துதான் வருது."

"திருடன் எப்பவும் காவல்காரனைத்தான் கைகாட்டுவான்."

சிவநேசன் ஸ்பேனரை எடுத்தான். சைலன்சரைக் கழற்றுமுன் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று, சாரி கார்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பக்கத்தில் நின்ற வண்டிக்காரரை முறுக்கச் சொன்னான். சத்தமே இல்லை. கையை எடுத்தான். கடகட. மறுபடி பிடித்தான். நின்றுவிட்டது.

அவன் கண் சாரி கார்டின் போல்ட் இல்லாத ஓட்டையில் போய் நின்றது.

சாரி கார்டு சைலன்சரைப் பெருமையாகப் பார்த்தது.

"பாத்தியா? அவர் என் தோள்ல கை போட்டதும் எல்லாப் பயலும் அடங்கிட்டான்."