ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய்

சதுரங்கப் பலகைதான் மொத்த உலகமும் என்றிருந்த ஒரு காலத்தில், கறுப்பு ராஜாவின் இடது தோளுக்கு முன்னால் ஒரு சிப்பாய் நின்றுகொண்டிருந்தது.

ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதற்குள் வெள்ளைக் குதிரை பாய்ந்து வந்து அதைக் குறிவைத்து நின்றது. தூரத்தில் வெள்ளை மந்திரியும் கோணலாக அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னடா குட்டை, உனக்கு யார் காவல்?” என்றது குதிரை.

“பின்னாடி ராஜா இருக்கார்.”

“அவரா? நான் உன்னை வெட்டினா, அவர் என்னை வெட்டிடுவாரா? எங்க மந்திரி சும்மா விடுமா?”

சிப்பாய்களால் திரும்பிப் பார்க்க முடியாது. “ராஜா, இருக்கீங்களா?” என்று மெல்லக் கேட்டது.

ராஜா மூலைப்பக்கமாக விறுவிறுவென்று நடந்துபோகிற சத்தம்தான் கேட்டது.

“ஓடிட்டார்டா உங்க ஆளு!” என்று கனைத்தது குதிரை.

சிப்பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

அப்புறம் தரை அதிர்ந்தது. மூலையில் சும்மா நின்றிருந்த யானை, ராஜாவைத் தாண்டி வந்து சிப்பாயின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அதன் சூடான மூச்சு கழுத்தில் பட்டது.

“பார்த்தியா, உனக்காகத்தான் போனேன்” என்றார் ராஜா, யானைக்கு அந்தப் பக்கம் ஒண்டிக்கொண்டு.

“சரிங்க ராஜா” என்றது சிப்பாய்.

குதிரை யானையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது.