கால் முதலில்

திருப்பதி நர்சிங் ஹோமில் நர்ஸ் கையெழுத்துக்கு நீட்டிய சம்மதத் தாளைப் பத்மினி வாங்கவில்லை. தங்கை துர்காவுக்கு வலி கண்டுவிட்டது. வயிற்றில் குழந்தை கால் கீழாக இருப்பதால் உடனே ஆபரேஷனாம். புருஷன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. "அக்கா சொன்னா சரி" என்றுவிட்டாள் துர்கா. அக்கா நகரியிலிருந்து இப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

நிறைமாதக்காரி ஒருத்தி பெஞ்சில் மெல்ல வந்து உட்கார்ந்தாள். பத்மினி அவள் காதருகே குனிந்தாள்.

"எனக்கு மூணும் சுகப்பிரசவம்மா. இந்த டாக்டரம்மா வர்றவங்களையெல்லாம் கிழிச்சிக்கினே இருக்குது போல. தங்கச்சிய வேற எடத்துக்கு இட்டுக்கினு பூடலாமான்னு பாக்கறேன்."

"எனக்கும் குழந்தை அப்படித்தான்க்கா இருக்குது. நாளைக்கு ஆபரேஷன்."

"ஒன்னையும் பயம் காட்டிட்டாங்களா?"

"இடுப்பு முதல்ல வந்தா சிலருக்கு நார்மலா பார்க்கலாம். கால் முதல்ல வந்தா தலை மாட்டிக்கும், தொப்புள்கொடியும் நழுவி அழுந்திடும்."

"அவங்க சொன்னாங்க, நீ நம்பிட்டியா?"

அதற்குள் நர்ஸ் ஓடி வந்தாள். "டாக்டர், தியேட்டர் ரெடி. இந்தம்மா மட்டும் இன்னும் கையெழுத்துப் போடல."

நிறைமாதக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பத்மினி தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் உள்ளே குழந்தை வீறிட்டது. களைத்துப்போய் வெளியே வந்த டாக்டரின் கையைப் பத்மினி பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒங்களுக்குத் துணை யாரும்மா? இல்லாட்டி நான் இருக்கறேன்."