ஒரே ஃபோல்டர்

பச்சை டிக் விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து சோம்பல் முறித்தேன்.

அரை நாள் போராட்டம். பாஸ்வேர்டை மறந்து, புதிதாக வைத்து, அதையும் மறந்து, ஒருவழியாக என் வீட்டுக் கம்ப்யூட்டரும் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரே ஃபோல்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டன.

ஃபோல்டருக்குப் பெயர் 'பாப்பா'. இங்கே போட்டால் அங்கே தெரியும். அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும். ஒரே கூரைக்குள் இருந்தவரை எங்களுக்கு அமையாத ஒற்றுமை, விவாகரத்துக்குப் பிறகு இலவசமாகக் கிடைத்தது.

படங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. மேடையில் பாப்பா, புதுக் கண்ணாடியில் பாப்பா, பல்லுக்குக் கம்பி போட்ட பாப்பா.

கம்பி போட்டதே எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டால், டியூஷன் இருக்கிறது என்று அவள் அம்மா போனை வைத்துவிடுகிறாள்.

ஒரு படத்தில்கூட நான் இல்லை.

இல்லாவிட்டால் என்ன, என் கையில் இல்லாத படமா? பாப்பாவைத் தோளில் தூக்கியபடி நான். அவள் சைக்கிளுக்குப் பின்னால் நாக்குத் தள்ள ஓடியபடி நான். நான் பின்னிவிட்ட கோணல் ஜடையோடு இருவரும் இளித்தபடி.

ஏற்றினேன். பச்சை டிக்.

டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் மூன்றையும் காணோம்.

'இந்தப் படங்கள் மறுபக்கத்தில் அழிக்கப்பட்டன. மீட்டெடுக்கவா?' என்று திரை பணிவாகக் கேட்டது.

மீட்டேன். முதலில் தோள் போனது. பிறகு சைக்கிள். கடைசியாக ஜடை.

பாப்பாவின் அம்மாவேதான். நான் போட்டுக்கொண்டிருக்கும்போதே என் சட்டையைக் கரித்துணியாகப் பார்த்தவளாயிற்றே.

மறுபடி மீட்டேன். மறுபடி போயின. வெளியே சொன்னால் வெட்கம், பழைய சண்டை திரும்பக் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட வந்துவிட்டது.

அதே வேகத்தில் போன் போட்டேன். "ஏம்மா, என் மூஞ்சி மூணு போட்டோவுல இருந்தா உன் வீடு இடிஞ்சா விழுந்துடும்?"

அவளுக்குப் பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"என்ன போட்டோ? நான் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேன். வீட்ல பாப்பா மட்டும்தான்..." சட்டென்று நிறுத்தினாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "இதுக்குத்தாங்க டியூஷன், டியூஷன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றாள்.

அவ்வளவு மெதுவாக அவள் என்னோடு பேசி ரொம்ப நாளாயிற்று.

'மீட்டெடுக்கவா?' திரை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

'வேண்டாம்' என்பதை அழுத்தினேன்.

உடனே பச்சை டிக் விழுந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதாம்.