கையை எடும்மா!

“பெத்தவளா இவ?” என்று கணவனின் காதைக் கடித்தாள் அந்த இளம் தாய்.

எதிர் பெஞ்சில் ஒருத்தி, மொட்டைத் தலையோடு இருந்த தன் மகளை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கார்ட்டூன் புத்தகத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிகிச்சைக்குக் காத்திருந்த மற்ற எல்லோருடைய முகமும் தொங்கிக் கிடந்தது.

“விடு. அவங்கவங்க பாடு.”

“எனக்கு ஈரக்குலை நடுங்குது. அவளுக்கு எப்படிங்க சிரிப்பு வருது?”

அவர்களின் பாப்பாவுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை இன்றுதான் முதல் தடவை. அந்தக் கனமான கதவுக்குப் பின்னால், மெஷினுக்கு அடியில், துளி அசையாமல் தனியாகப் படுக்க வேண்டும். அசைந்தால் மயக்க ஊசிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா உள்ளே வரக் கூடாது.

“நான் போகமாட்டேன்” என்று பாப்பா அம்மாவின் கைப்பையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

எதிர் பெஞ்சில் கதை ஓடியது.

“முதல் படம். அப்பா புது அலமாரியப் பெட்டியிலேர்ந்து எடுக்கிறாரு. ‘எப்படி மாட்டணும்னு படிச்சுப் பாருங்க’ங்கிறாங்க அம்மா. ‘இதெல்லாம் எனக்கு ஜுஜுபி’ங்கிறாரு.”

“பொய்!” என்றது வாண்டு.

“ரெண்டாவது படம். டொக்கு டொக்குனு ஒரே சத்தம். பூனை சோபாவுக்கு அடியில ஓடிடுச்சு. மூணாவது படம். அலமாரி ஜம்முனு நிக்குது. ஆனா அப்பாவக் காணோம்!”

“எங்கம்மா போனாரு?”

பாப்பாவும் கழுத்தை நீட்டினாள்.

அந்த நேரம் பார்த்து, “வாடி ராஜாத்தி” என்று நர்ஸ் வாண்டைக் கூப்பிட்டாள்.

டக்கென்று கடைசிப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள் அம்மாக்காரி.

“அம்மா, கையை எடும்மா! அது மட்டும் பார்த்துட்டுப் போறேன்!”

“முடியாதுன்னா முடியாது.”

வாண்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

இளம் தாய்க்குப் பொறுக்கவில்லை. “குழந்தை அவ்வளவு கெஞ்சுச்சே, காட்டினா என்ன குறைஞ்சு போயிடும்? இந்த நேரத்துல போய் அழ விடுறீங்களே!”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கையும் நகரவில்லை.

“முதல் தடவையா?”

“ம்.”

“இவளும் முதல் நாள் கதவப் பிடிச்சுக்கிட்டு ஒரே ரகளை. இப்போ, அப்பா எங்க போயிருப்பாருன்னு யோசிச்சுக்கிட்டே படுத்திருப்பா. ஒருவேளை பூனை முழுங்கிடுச்சோன்னு. அவ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மெஷின் நின்னுடும்.”

கணவன் எட்டிப் பார்த்தான். “இந்தக் கார்ட்டூன் போன்ல வாராவாரம் வருமேக்கா. சும்மா கிடைக்கிறதுக்குப் புத்தகம் எதுக்கு?”

“போன்ல விரல் பட்டாலே முடிவு ஓடி வந்துடும் தம்பி. இதுலன்னா கை வச்சு மறைக்கலாம்.”

இளம் தாயின் குரல் இறங்கியது. “அவதான் உள்ள போயிட்டாளே. இப்போ நீங்க பார்க்கலாம்ல?”

அவள் முகத்திலிருந்த சிரிப்பு முதல் முறையாகக் காணாமல் போனது.

“அவ இல்லாம நான் மட்டும் எந்த முடிவையும் பார்க்கமாட்டேன்மா.”

இளம் தாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. “அசையவே இல்லன்னு நர்ஸ் அக்கா சொன்னாங்க! கையை எடும்மா!”

கையை எடுத்தாள். அலமாரிக்குள்ளிருந்து அப்பாவின் குரல்: “இதுக்குக் கதவு எந்தப் பக்கம் வச்சேன்?”

வாண்டு விழுந்து விழுந்து சிரித்தது. பாப்பாவும் சிரித்தாள். கணவன் இருமுவது போல் நடித்தான். இளம் தாய்க்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு வந்தது; எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“இந்தாங்க, அடுத்த பக்கம்” என்று புத்தகம் கைமாறியது. “நாங்களும் இன்னும் பார்க்கல. நீங்க பாருங்க, நாங்க இருந்து வாங்கிட்டுப் போறோம்.”

இளம் தாய் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “முதல் படம். தம்பி டிரம்ஸ் அடிக்கிறான். ரெண்டாவது படம். பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தட்டுறாரு. மூணாவது படம். அவர் கையில ஒரு பெரிய பெட்டி…”

“பெட்டில என்னம்மா?”

“பாப்பா, வாங்க போலாம்” என்றாள் நர்ஸ்.

இளம் தாயின் கை கடைசிப் படத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

“கையை எடும்மா!”

“முடியாது. போயிட்டு வா.”

பாப்பா கைப்பையை விட்டுவிட்டு நடந்தாள். வாசலில் திரும்பி, “நீயும் பார்க்கக் கூடாது!” என்று அழுதுகொண்டே மிரட்டிவிட்டுப் போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

அப்போதுதான் வந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த ஒருத்தி, தன் கணவனின் காதைக் கடிப்பது தெளிவாகவே கேட்டது.

“பெத்தவளா இவ?”

இளம் தாய் கையை எடுக்கவில்லை.