ஒன்றின் கீழ் ஒன்று

"நாலாவது தடவை திருப்பி அனுப்பிட்டாங்க," என்றான் தாடிக்காரன். "புரோகிராம் நல்லா ஓடுது. ஒரு தப்பும் இல்ல. எட்டுப் பாராமீட்டரையும் ஒரே வரியில எழுதிட்டேனாம். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதணுமாம்."

"மளிகை லிஸ்ட் போட்டுப் பழக்கம் போல," என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

படிப்படியாக இறங்கும் அந்த வரிகளால் டீம் லீடருக்கு 'ஏணி மேடம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இப்போது அவளை மாற்றச் சொல்லி மேனேஜருக்கு ஒரு மனு. டீமிலேயே மூத்தவரான பெருசு கையெழுத்துப் போட்டால்தான் அது எடுபடும்.

பெருசுக்கு ஐம்பத்தாறு வயது. திரையில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து வேலை செய்வார். யாராவது பின்னால் வந்தால் சட்டென்று சிறிதாக்கிவிடுவார். கண் மங்குவது தெரிந்தால் வேலை போய்விடும்.

உண்மையில் ஏணி மேடத்தின் அந்தச் சட்டம் அவருக்கு வசதிதான். ஆனால் அதைச் சொன்னால், ஏன் என்று கேட்பார்களே.

"என்ன பெருசு, யோசிக்கிறீங்க? நீங்க அவங்க கட்சியா?"

"சேச்சே." முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். "ஆனா அந்தப் பொண்ணுகிட்ட முகத்துக்கு நேரா சொல்லிட்டுத்தான் மேனேஜர்கிட்ட கொடுக்கணும். நானே போறேன்."

மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள்.

பெருசு டீம் லீடரின் அறைக்குள் போய், மடித்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

"உட்காருங்க சார், ஒரு நிமிஷம்."

அப்போதுதான் அவளுடைய திரையைப் பார்த்தார். எழுத்துகள் கட்டைவிரல் உயரத்துக்கு நின்றன. அவர் வைத்துக்கொள்ளும் அதே அளவு. தாடிக்காரனின் நீண்ட வரி பாதியில் திரையைத் தாண்டிப் போயிருந்தது.

"எதுக்கு மேடம் இவ்ளோ பெருசா?"

அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எல்லார் வேலையையும் கடைசியாச் சரிபார்க்கிறது நீங்கதானே சார். போன மாசம் ஒரு நீள வரியோட ஓரத்துல இருந்த தப்பை விட்டுட்டீங்க. ஏன்னு பார்க்க வந்தப்ப உங்க ஸ்கிரீனைப் பார்த்தேன். மறுநாள்தான் இந்த ரூல் போட்டேன். இந்த அளவுல முழுசாத் தெரியாத எதையும் உங்ககிட்ட அனுப்புறதில்ல." குரலைத் தாழ்த்தினாள். "யாருக்கும் தெரியாது சார். பயப்படாதீங்க."

அவர் காகிதத்தைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினார்.

அதற்குள் அவள் பிரித்துவிட்டாள்.

கையெழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, படிக்க வசதியாகவே இருந்தன. முதல் பெயர் அவருடையது.