அண்ணாந்து பார்த்த சாலை

மரம் அறுக்கும் மெஷினின் இரைச்சல் திடீரென்று மலையைக் கிழித்தது. சக்கரம் பூட்டிய சறுக்குப் பலகையில் படுக்கப்போன ரூபவதி நிமிர்ந்தாள். பனியில்லாத ஊரில் பனிச்சறுக்குப் பழக அவளுக்கு இந்த மலைச்சாலைதான் உண்டு. காலை முன்னால் நீட்டி, மல்லாந்தபடி பாய்ந்து இறங்குகிறவளுக்குச் சாலை தெரியாது. மேலே கவிந்த கிளைகள்தான் தெரியும். அவற்றை வைத்தே வளைவுகளை மனப்பாடம் செய்திருந்தாள். கடைசி வளைவுக்கு அடையாளம் ஓர் இலவமரம்.

"அந்த இலவமரத்தைத்தான் வெட்டுறாங்க" என்றார் பயிற்சியாளர் தங்கதுரை. "அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வாளர் கீழே காத்திருக்கார். இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான். என்னம்மா சொல்றே?"

"ரோட்டை மட்டும் ஒதுக்கிக் கொடுக்கச் சொல்லுங்க சார். நான் இறங்குறேன்."

விழுந்த மரத்தை ஓரமாகத் தள்ளி வழிவிட்டதும் பாய்ந்தாள். கிளைகள் முகத்துக்கு மேல் பறந்தன. கடைசி வளைவில் கெண்டைக்காலால் பலகையை அழுத்த, அது சொன்னபடி கேட்டுத் திரும்பியது. அடிவாரத்தில் ஷூவைத் தரையில் தேய்த்து நின்றாள். தேர்வாளர் கையிலிருந்த கடிகாரத்தை இரண்டாவது முறை பார்த்தார்.

பின்னாலேயே பைக்கில் வந்த தங்கதுரை வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "மரந்தான் இல்லையே, எதைப் பார்த்துத் திரும்பினே?"

"அது இல்லாததைப் பார்த்துதான் சார். அவ்வளவு வானம் இந்த வழியில வேற எங்கேயும் கிடையாது."